‘ஆமாம்’ எப்போது ‘நோ’ ஆகிறது?

வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகிறது. ஆங்கில ஆசிரியர் ஒரு மாணவனைப் பார்த்து, “யூ ஹேவன்ட் பிராட் யுவர் நோட்புக்” என்கிறார். ‘நீ நோட்டுப் புத்தகம் கொண்டு வரவில்லை’ என்பது இதன் பொருள். அது உண்மைதான். மாணவன் எழுந்து நின்று பணிவாக, “யெஸ் சார்” என்கிறான்.

“அப்படியானால் எடுத்து மேசைமேல் வை” என்கிறார் ஆசிரியர்.

மாணவன் திகைக்கிறான். ‘கொண்டு வரவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் எடுத்து வை என்கிறாரே!’ என்று எண்ணுகிறான். ஆசிரியரோ, ‘கொண்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு ஏன் இப்படி நிற்கிறான்?’ என்று எண்ணுகிறார். வகுப்பு சிரிக்கிறது.

மாணவன் பொய் சொல்லவில்லை. ஆசிரியரும் தவறாகக் கேட்கவில்லை. ‘யெஸ்’ என்ற சொல்லின் பொருள் இருவருக்குமே தெரியும். பிறகு குழப்பம் எங்கிருந்து வந்தது?

மாணவ நண்பர்களே, இந்தக் குழப்பம் உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். ‘நமக்கு ஆங்கிலம் வராது’ என்று நீங்கள் மனம் சோர்ந்தும் இருக்கலாம். சோர்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. இதன் பின்னால் ஓர் ஒழுங்கான கணக்கு இருக்கிறது. அதனை அறிந்துகொண்டால் ஆங்கிலம் மட்டுமல்ல, நம் தமிழும் எப்படி இயங்குகிறது என்பது புரியும்.

நான்கு நிலைகள்

எடுத்துக்காட்டாக, மழையைப் பற்றிய பேச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் நண்பர் ஜன்னலைப் பார்க்காமலே ஏதோ ஒன்று சொல்கிறார். நீங்கள் வெளியே எட்டிப் பார்த்து விடை கூறுகிறீர்கள். இதில் நான்கு நிலைகளே உண்டு.

முதல் நிலை: நண்பர் ‘மழை பெய்கிறது’ என்கிறார். மழை பெய்கிறது. தமிழில் ‘ஆமாம்’ என்பீர்கள். ஆங்கிலத்தில் ‘யெஸ்’.

இரண்டாம் நிலை: நண்பர் ‘மழை பெய்கிறது’ என்கிறார். மழை பெய்யவில்லை. தமிழில் ‘இல்லை’. ஆங்கிலத்தில் ‘நோ’.

மூன்றாம் நிலை: நண்பர் ‘மழை பெய்யவில்லை’ என்கிறார். மழை பெய்யவில்லைதான். தமிழில் ‘ஆமாம், பெய்யவில்லை’ என்பீர்கள். ஆங்கிலத்திலோ ‘நோ, இட் இஸ்ன்ட்’ என்று சொல்ல வேண்டும்.

நான்காம் நிலை: நண்பர் ‘மழை பெய்யவில்லை’ என்கிறார். ஆனால் மழை பெய்கிறது. தமிழில் ‘இல்லை, பெய்கிறது’ என்பீர்கள். ஆங்கிலத்தில் ‘யெஸ், இட் இஸ்’.

கவனித்தீர்களா? முதல் இரண்டு நிலைகளில் இரு மொழிகளும் கைகோத்துச் செல்கின்றன. ‘ஆமாம்’ என்றால் ‘யெஸ்’, ‘இல்லை’ என்றால் ‘நோ’ என்று நாம் முதல் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தது அங்கே பொருந்துகிறது. பிற்பாதியில் எல்லாம் தலைகீழாகி விடுகிறது. நமது மனப்பாடம் பாதி வேளை சரியாகவே இருப்பதால்தான் மீதிப் பாதியில் நேரும் தவறு நம் கண்ணில் படுவதில்லை.

குறிகளின் பெருக்கல்

இந்த நான்கு நிலைகளையும் கணக்காக மாற்றிப் பார்ப்போம். உடன்பாட்டு வாக்கியத்திற்கு மிகைக் குறியும் எதிர்மறை வாக்கியத்திற்குக் குறைக் குறியும் கொடுங்கள். அதுபோலவே, செயல் நிகழ்ந்தால் மிகை, நிகழாவிட்டால் குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் கையில் இரண்டு குறிகள் இருக்கின்றன. ஒன்று நண்பர் சொன்னதன் குறி. மற்றொன்று உண்மையின் குறி.

தமிழ் ‘ஆமாம்’ இந்த இரண்டையும் பெருக்குகிறது. மிகையும் மிகையும் பெருகினால் மிகை, எனவே ‘ஆமாம்’. மிகையும் குறையும் பெருகினால் குறை, எனவே ‘இல்லை’. குறையும் குறையும் பெருகினால் மீண்டும் மிகை. எனவே மூன்றாம் நிலையில் ‘ஆமாம்’. அதாவது, ‘நீங்கள் சொன்னதும் நடப்பதும் ஒத்துப் போகின்றன’ என்று நாம் சான்று கூறுகிறோம்.

ஆங்கில ‘யெஸ்’ பெருக்குவதில்லை. நண்பர் சொன்னதன் குறியை அது கண்டுகொள்வதே இல்லை. உண்மையின் குறி எதுவோ அதுவே விடையின் குறி. மழை பெய்தால் ‘யெஸ்’, பெய்யாவிட்டால் ‘நோ’. நண்பர் எப்படிச் சொன்னாலும், எப்படிக் கேட்டாலும் விடை மாறாது.

கணிப்பொறியின் மின்சுற்றுகளில் ‘எக்ஸ்நார்’ என்றொரு வாயில் உண்டு. அதற்கு வரும் இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தால் அது 1 என்று விடை தரும். வேறாக இருந்தால் 0 என்று தரும். நம் ‘ஆமாம்’ அந்த வாயிலைப் போன்றது. ஆங்கில ‘யெஸ்’ ஓர் உள்ளீட்டை மட்டும் அப்படியே கடத்திவிடும் கம்பியைப் போன்றது. இரண்டில் எதுவும் மட்டமன்று. இரண்டும் தத்தம் வழியில் ஒழுங்கானவையே.

நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான். அவன் பெருக்கி விடை சொன்னான். ஆசிரியர் பெருக்காத விடையாக அதனைக் கேட்டார்.

உலக மொழிகளின் மூன்று வழிகள்

1985ஆம் ஆண்டில் ஜெரால்டு சேடாக், ஆர்னால்டு ஸ்விக்கி என்னும் இரு அமெரிக்க மொழியியல் அறிஞர்கள் உலக மொழிகளின் விடை கூறும் முறைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினர்.

முதலாவது, ஆங்கிலத்தைப் போல விடையின் குறியைச் சொல்லும் முறை. இரண்டாவது, கேட்டவரோடு ஒத்துப் போகிறோமா இல்லையா என்று சொல்லும் முறை. ஜப்பானிய மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘நீங்கள் வரவில்லையா?’ என்று கேட்டால், வராத ஜப்பானியர் ‘ஹாய்’ என்பார். ‘நீங்கள் சொன்னது சரி’ என்பது அதன் கருத்து. சீனர்களும் கொரியர்களும் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றனர். ஆங்கிலம் கற்கும்போது நாம் படும் அதே தொல்லையை அவர்களும் படுகின்றனர் என்பது நமக்கு ஓர் ஆறுதல்!

மூன்றாவது முறை இன்னும் சுவையானது. அங்கே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற சொற்களே வேண்டியதில்லை. கேள்வியில் வந்த வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னால் போதும். ‘வருவாயா?’ என்றால் ‘வருவேன்’ அல்லது ‘வரமாட்டேன்’. அயர்லாந்தின் பழைய மொழியாகிய ஐரிஷ் இம்முறையைக் கையாள்கிறது.

தமிழ் இவற்றுள் எதனைச் சேர்ந்தது? உண்மையில் நாம் கலந்தே பேசுகிறோம். ‘மழை வராது’ என்று ஒருவர் கூறினால் ‘ஆமாம், வராது’ என்று ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ‘சாப்பிடவில்லையா?’ என்று அம்மா கேட்டால், ‘இல்லை, சாப்பிடவில்லை’ என்பவரும் உண்டு. ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பவரும் உண்டு. ‘இல்லையே, சாப்பிட்டேனே’ என்பவரும் உண்டு. ‘இல்லை’ என்னும் சொல் ஒரு நேரம் அம்மாவின் எண்ணத்தை மறுக்கிறது; மற்றொரு நேரம் சாப்பாடு நடக்கவில்லை என்பதைச் சொல்கிறது. அதனால்தான் நாம் பெரும்பாலும் வினைச்சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த வால் பகுதிதான் பொருளைக் காப்பாற்றுகிறது. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு இது மிகவும் பயன்படும்.

ஆங்கிலத்தில் இருந்த நான்கு சொற்கள்

ஆங்கிலேயர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்தது. அதனைத் தீர்க்க அவர்கள் இரண்டு சொற்களுக்குப் பதிலாக நான்கு சொற்களை வைத்திருந்தனர். உடன்பாடாகக் கேட்ட கேள்விக்கு ‘யே’ அல்லது ‘நே’ என்பது விடை. எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்பது விடை. ‘மழை பெய்கிறதா?’ என்றால் ‘யே’ அல்லது ‘நே’, ‘மழை பெய்யவில்லையா?’ என்றால் ‘யெஸ்’ அல்லது ‘நோ’. எனவே விடையைக் கேட்டவுடனே அது எத்தகைய கேள்விக்கு உரியது என்பதும் தெரிந்துவிடும்.

இதைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. வில்லியம் டின்டேல் என்பவர் பைபிளின் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1526இல் வெளியிட்டார். 1532இல் சர் தாமஸ் மோர் அவரைக் கண்டித்து ஒரு பெரிய நூல் எழுதினார். அவர்களுடைய சண்டை சமயத்தைப் பற்றியது. எனினும் போகிற போக்கில் மோர் இந்த இலக்கணத்தையும் பிடித்துக்கொண்டார். யோவான் நற்செய்தியில் ‘நே’ என்று வர வேண்டிய இடத்தில் டின்டேல் ‘நோ’ என்று எழுதிவிட்டாராம்! ‘நே’, ‘நோ’ வேறுபாடு தெரியாதவர் வேதத்தை மொழிபெயர்க்கலாமா என்பது மோரின் வாதம்.

வேடிக்கை என்னவென்றால், விதியை விளக்கும்போது மோரே ஓரிடத்தில் ‘நே’ என்பதற்குப் பதிலாக ‘நோ’ என்று எழுதிவிட்டார். அவர் தந்த எடுத்துக்காட்டுக்கும் அவர் கூறிய விதிக்கும் பொருந்தவில்லை. பின்வந்த இலக்கண அறிஞர்கள் சிலரும் இதனைக் கவனிக்காமல் அப்படியே எடுத்து எழுதினர். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்னும் அமெரிக்க அறிஞரே இந்தப் பிழையைச் சுட்டிக் காட்டினார். பிறருடைய பிழையைத் திருத்தும் விதியிலேயே பிழை! அந்த வேறுபாடு மோரின் காலத்திலேயே மக்கள் நாவில் மங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பின்னர் ‘யே’யும் ‘நே’யும் பேச்சிலிருந்து விலகின. ‘யெஸ்’, ‘நோ’ என்ற இரண்டே நான்கு வேலைகளையும் ஏற்றுக்கொண்டன.

ஆங்கிலத்தின் உறவு மொழிகள் சில இன்றும் மூன்று சொற்களை வைத்திருக்கின்றன. ஜெர்மன் மொழியில் ‘யா’, ‘நைன்’ என்பவற்றோடு ‘டோஹ்’ என்றொரு சொல் உண்டு. பிரெஞ்சு மொழியில் ‘வுய்’, ‘நோன்’ என்பவற்றோடு ‘ஸீ’ உண்டு. இந்த மூன்றாம் சொல் நம் நான்காம் நிலைக்கே உரியது. ‘நீ சாப்பிடவில்லை’ என்று ஒருவர் கூற, ‘இல்லை, சாப்பிட்டேன்’ என்று மறுக்கும் இடத்தில் ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி போய்விட்டது.

‘உம்’ செய்யும் வேலை

இதுவரை பிறர் கூறியதை ‘சரி’ என்று ஒத்துக்கொள்வதைப் பார்த்தோம். இனி, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சேர்ந்துகொள்வதைப் பார்ப்போம்.

நண்பர் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்றால் ‘எனக்கும் பிடிக்கும்’ என்கிறோம். ‘எனக்குக் காப்பி பிடிக்காது’ என்றால் ‘எனக்கும் பிடிக்காது’ என்கிறோம். இரண்டிலும் வேலை செய்வது ‘உம்’ என்னும் சின்னஞ்சிறு இடைச்சொல். தொல்காப்பியர் இந்த ‘உம்’முக்கு எட்டுப் பொருள்களைக் கூறியிருக்கிறார். அவற்றுள் முதலாவதாகிய எச்சப் பொருளில்தான் இங்கே இது வருகிறது. ‘முன்னே ஒருவர் இருக்கிறார், அவரோடு நானும்’ என்பதை அந்த ஓர் அசை சொல்லிவிடுகிறது. உடன்பாடா, எதிர்மறையா என்ற கவலை அதற்கு இல்லை.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. உடன்பாட்டுக்கு ஒரு கருவி, எதிர்மறைக்கு வேறொரு கருவி.

‘ஐ லைக் காபி’ என்பவரோடு சேர வேண்டுமானால், ‘ஸோ டூ ஐ’ என்றோ ‘ஐ லைக் இட் டூ’ என்றோ சொல்லலாம். ‘ஐ டோன்ட் லைக் காபி’ என்பவரோடு சேர வேண்டுமானால், ‘நைதர் டூ ஐ’ அல்லது ‘நார் டூ ஐ’ அல்லது ‘ஐ டோன்ட் ஐதர்’ என்று சொல்ல வேண்டும். நண்பர்களுக்குள் ‘மீ நைதர்’ என்பதும் உண்டு. ‘உம்’மை நினைத்துக்கொண்டு ‘ஐ டோன்ட் லைக் டூ’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது ஆங்கிலேயர் காதில் ஒட்டாது.

‘நைதர்’ என்று தொடங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, துணைவினை முன்னே வந்து எழுவாய் பின்னே செல்கிறது. ‘நைதர் ஐ டூ’ அன்று. ‘நைதர் டூ ஐ’. நண்பர் எந்தத் துணைவினையைக் கையாண்டாரோ அதையே நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஐ கான்ட் ஸ்விம்’ என்றால் ‘நைதர் கேன் ஐ’. ‘ஐ வாஸன்ட் தேர்’ என்றால் ‘நைதர் வாஸ் ஐ’.

இரண்டாவது, ‘நைதர்’ வந்த பிறகு ‘நாட்’ வரக்கூடாது. ‘நைதர் டோன்ட் ஐ’ என்பது பிழை. ஏன்? ‘நைதர்’ என்பதன் முதலில் உள்ள ‘ந’ ஒலியே எதிர்மறைதான். பழைய ஆங்கிலத்தில் ‘நெ’ என்றொரு எதிர்மறைச் சொல் இருந்தது. அது ‘எவர்’ என்பதோடு ஒட்டி ‘நெவர்’ ஆயிற்று; ‘ஒன்’ என்பதோடு ஒட்டி ‘நன்’ ஆயிற்று. ‘ஐதர்’, ‘நைதர்’ என்ற இணையிலும் அதே ‘ந’ நிற்கிறது. ‘ஐ டோன்ட் ஐதர்’ என்னும் தொடரில் எதிர்மறை ‘டோன்ட்’ என்பதில் இருக்கிறது. ‘நைதர் டூ ஐ’ என்பதில் அது ‘நைதர்’ என்பதில் இருக்கிறது. எதிர்மறை ஓரிடத்தில் இருந்தால் போதும்.

மறைந்திருக்கும் எதிர்மறை

ஒரு வாக்கியம் எதிர்மறையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘நாட்’ இருந்தால் எதிர்மறை என்று உடனே சொல்வீர்கள். விஷயம் அவ்வளவு எளிதன்று.

1964இல் எட்வர்டு கிளைமா என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் ஆங்கில எதிர்மறையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அமிலமா, காரமா என்று அறிய லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பதுபோல, வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கும் வழிகளை அவர் அதில் தந்தார். அவற்றுள் ஒன்று: வாக்கியத்தின் பின்னே ‘நைதர்’ பொருந்தினால் அது எதிர்மறை, ‘ஸோ’ பொருந்தினால் அது உடன்பாடு.

இப்போது சோதித்துப் பார்ப்போம். ‘ஹி இஸ் அன்ஹாப்பி’ என்றால் ‘அவன் மகிழ்ச்சியாக இல்லை’. தமிழில் இது எதிர்மறைபோலத் தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இதனோடு சேர ‘ஸோ ஆம் ஐ’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ டிஸ்லைக் காபி’ என்றாலும் ‘ஸோ டூ ஐ’தான். ‘அன்’, ‘டிஸ்’ என்ற ஒட்டுகள் அந்த ஒரு சொல்லின் பொருளையே மாற்றுகின்றன. முழு வாக்கியத்தையும் அவை எதிர்மறை ஆக்குவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்றால் ‘அவன் பேசுவதே அரிது’ என்று பொருள். இதில் ‘நாட்’ இல்லை, ‘நோ’ இல்லை, ‘ந’ ஒலிகூட இல்லை. ஆயினும் இதனோடு சேர ‘நைதர் டஸ் ஷி’ என்று சொல்ல வேண்டும். ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘ஸெல்டம்’ ஆகியவை எதிர்மறையை மறைத்து வைத்திருக்கும் சொற்கள். லிட்மஸ் தாள் நிறம் மாறிவிட்டது!

‘டூ யூ மைண்ட்?’ என்ற கேள்வியும் இத்தகைய பொறிதான். பஸ்ஸில் ஒருவர் ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ஸிட் ஹியர்?’ என்று கேட்கிறார். ‘நான் இங்கே உட்கார்ந்தால் உங்களுக்குத் தடை உண்டா?’ என்பது அதன் பொருள். தாராளமாக உட்காரட்டும் என்று எண்ணினால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்று சொல்ல வேண்டும். மரியாதையாக ‘யெஸ்’ என்றால், உட்காராதே என்று சொன்னதாகிவிடும்.

சிரிப்போடு முடியாத இடங்கள்

வகுப்பில் நேரும் குழப்பம் சிரிப்போடு முடிந்துவிடும். எல்லா இடங்களிலும் அப்படி முடியாது.

ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் வேளையில் இரைப்பையில் உணவு இருந்தால், அது மேலேறி மூச்சுக்குழலுக்குள் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவர், “யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங்?” என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒன்றும் சாப்பிடவில்லையே?’ என்பது கேள்வி.

சாப்பிடாத நோயாளி, ‘நீங்கள் சொல்வது சரி’ என்ற கருத்தில் ‘யெஸ்’ என்று சொன்னால் சிகிச்சை சற்றுத் தள்ளிப் போகும். அவ்வளவுதான். ஆனால் சாப்பிட்டுவிட்ட நோயாளி, ‘நீங்கள் நினைப்பது தவறு’ என்ற கருத்தில் ‘நோ’ என்று சொன்னால்? ‘சாப்பிடவில்லை’ என்றே மருத்துவர் பொருள்கொள்வார். நம் நான்காம் நிலையில் நேரும் பிழைதான் மிகவும் கொடியது என்பது இதனால் விளங்கும். இதனைத் தவிர்க்க எளிய வழி, ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பதுதான். அதற்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று விடை கூறவே முடியாது.

விமானத் துறையில் இதற்கென விதிகளே உண்டு. விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் வானொலியில் பேசும்போது ‘யெஸ்’, ‘நோ’ என்பவற்றைக் கையாளுவதில்லை. ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’ என்றும், ‘இல்லை’ அல்லது ‘அது சரியன்று’ என்பதற்கு ‘நெகட்டிவ்’ என்றும் சர்வதேச விதிகள் வகுத்துள்ளன. முக்கியமான ஆணைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டவும் வேண்டும்.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. டச்சு நாட்டின் கே.எல்.எம். விமானம் ஒன்று ஓடுபாதையில் புறப்படத் தயாராக நின்றது. அமெரிக்காவின் பான் அம் விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 விமானங்கள். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணிய டச்சு விமானத் தலைவர் விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். வானொலியில் அரைகுறையாகக் கேட்ட பேச்சால் ஐயமுற்ற பொறியாளர், ‘அந்தப் பான் அம் விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்று டச்சு மொழியில் கேட்டார். எதிர்மறைக் கேள்வி! தலைவர் ‘யாவெல்’ என்றார். ஜெர்மன் ‘டோஹ்’ போல, எதிர்மறையை மறுத்து ‘விலகிவிட்டதே’ என்று உறுதி கூறும் டச்சுச் சொல் அது. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தனர்.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொறியாளரின் கேள்வியிலும் தலைவரின் விடையிலும் இலக்கணக் குழப்பம் இல்லை. டச்சு மொழியில் அந்த விடை மிகத் தெளிவானது. ஆனால் தலைவர் நம்பியது உண்மை அன்று. தெளிவான சொல் பேசுபவரின் எண்ணத்தைத்தான் காட்டும். எண்ணம் சரியா என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு முன்பு வானொலியில் நடந்த பேச்சிலோ குழப்பம் நிறைய இருந்தது. அவ்விபத்திற்குப் பிறகு விமானத் துறையில் பேச்சு விதிகள் இறுக்கப்பட்டன. ‘டேக் ஆஃப்’ என்ற தொடரைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதனைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நடைமுறை ஏற்பட்டது.

வால் பகுதியை விடாதீர்கள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களும் பேச்சில் சில வேளை ‘யெஸ், ஹி டிட்ன்ட்’ என்கின்றனர். 2015இல் ஃப்ளோரிஸ் ரூலாஃப்சன், டோன்கா ஃபர்காஸ் என்னும் இரு அறிஞர்கள் இதனை ஆராய்ந்து எழுதினர். ‘யெஸ்’ என்ற சொல் விடையின் குறியையும் காட்டலாம். சொன்னவரோடு ஒத்துப் போவதையும் காட்டலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். எதிர்மறை வாக்கியத்திற்கு வெறும் ‘யெஸ்’ என்றோ ‘நோ’ என்றோ விடை கூறினால் அவர்களுக்கும் சந்தேகம் வரக்கூடும். சந்தேகத்தைத் தீர்ப்பது பின்னால் வரும் சிறு வாக்கியமே.

எனவே நீங்கள் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே. எதிர்மறை வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘ஆமாம்’ என்பதை மொழிபெயர்க்காதீர்கள். நடந்தது என்ன என்று மட்டும் பாருங்கள். நடக்கவில்லை என்றால் ‘நோ’. நடந்தது என்றால் ‘யெஸ்’. அதோடு நிற்காமல் ‘ஐ ஹேவன்ட்’ அல்லது ‘ஐ ஹேவ்’ என்ற வால் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதற்சொல் தவறிப் போனாலும் வால் பகுதி உங்களைக் காப்பாற்றும். ‘ஆமாம், வராது’ என்று தமிழில் நாள்தோறும் நீங்கள் செய்வதும் இதுதானே!

நம் மாணவன் “நோ சார், ஐ ஹேவன்ட்” என்று சொல்லியிருந்தால் வகுப்பு சிரித்திராது. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வராததற்கு அவன் என்ன காரணம் சொல்லியிருப்பான் என்பது வேறு கதை!

நீங்களே சொல்லிப் பாருங்கள்

1. நண்பர் ‘தி பஸ் ஹேஸன்ட் கம்’ என்கிறார். பஸ் வரவில்லை. உங்கள் விடை என்ன?

2. நண்பர் ‘ஐ கான்ட் ஸிங்’ என்கிறார். உங்களுக்கும் பாட வராது.

3. நண்பர் ‘ஐ டிஸ்லைக் ஆனியன்ஸ்’ என்கிறார். உங்களுக்கும் வெங்காயம் பிடிக்காது.

4. ஆசிரியர் ‘யூ டிட்ன்ட் ரைட் தி டெஸ்ட்’ என்கிறார். நீங்கள் தேர்வு எழுதினீர்கள்.

5. நண்பர் ஒரு சிறுமியைப் பற்றி ‘ஷி ஸெல்டம் டாக்ஸ்’ என்கிறார். அவளுடைய தம்பியும் அதிகம் பேசமாட்டான்.

விடைகள்: 1. நோ, இட் ஹேஸன்ட். 2. நைதர் கேன் ஐ. 3. ஸோ டூ ஐ. 4. யெஸ், ஐ டிட். 5. நைதர் டஸ் ஹெர் பிரதர்.